விஸ்கான்சினில் முதல் குளிர்காலம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நான் அதிகம் பேசியது நூலகத்து ஊழியரிடம்தான். மற்ற இடங்களில் எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. படங்கள் நிறைந்த புத்தகமானால் தடுமாறாமல் படிக்கலாம் என்று கேட்டேன். கிரெய்க் தாம்சனின் 'பிளாங்கெட்ஸ்' (போர்வைகள்) என்ற கிராஃபிக் நாவலை, அதாவது படக்கதையாகவே சொல்லப்படும் நாவலை, எடுத்துக் கொடுத்தார். 2003இல் வந்தது, ஏறக்குறைய 600 பக்கம். கதை நடப்பதும் இதே மாநிலத்தில், இதே பனியில்.

தாம்சன் தன் இளமையைத்தான் வரைந்திருக்கிறார். தீவிரக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பையன், தேவாலய முகாமில் மிச்சிகனைச் சேர்ந்த ரெய்னாவைச் சந்திக்கிறான். துணித்துண்டுகளை இணைத்துத் தானே தைத்த போர்வையை அவள் அவனுக்குத் தருகிறாள். அவள் தூங்குவதை அவன் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கங்களை என்னால் புரட்ட முடியவில்லை. உடலை விரும்புவது பாவம் என்று கேட்டு வளர்ந்தவனின் கண்ணில் அவள் தொழத்தக்கவளாகத் தெரிகிறாள். ஆசை எங்கே முடிகிறது, பக்தி எங்கே தொடங்குகிறது என்று அந்தத் தூரிகைக் கோடுகளில் பிரிக்க முடியாது. சொற்களைவிடப் படங்களே பேசும் கட்டங்கள் அவை. அந்நிய மொழியில் திணறிக்கொண்டிருந்த எனக்கு அங்கே எதுவும் தவறிப்போகவில்லை.

பிறகு மர்ஜானே சத்ராபி தன் இளமையை வரைந்த 'பெர்செபோலிஸ்' என்ற கிராஃபிக் நாவலைப் படித்தேன். ஈரானியச் சிறுமியின் அறைக்குத் தாடிவைத்த கடவுள் வந்து பேசுகிறார். அப்பாவின் சகோதரர் கொல்லப்பட்டதும் அவள் அந்தக் கடவுளை விரட்டிவிடுகிறாள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் என் நம்பிக்கை போனது அப்படியல்ல. தாம்சனின் கதையில் நம்பிக்கையும் காதலும் சத்தமில்லாமல் கரைகின்றன. ரெய்னாவின் நினைவுப் பொருள்களையெல்லாம் எரிப்பவன் போர்வையை மட்டும் வைத்துக்கொள்கிறான். எனக்குள்ளும் அப்படி ஒன்று எரியாமல் இருக்கிறது. கும்பிடுவதை நிறுத்திய பிறகும், பயம் வந்தால் பழைய பாட்டு நாவில் வந்துவிடுகிறது.

மதத்தைவிட்டு விலகியதைப் பெற்றோரிடம் தெரிவிக்கும் வழியாகவும் தாம்சனுக்கு இந்தப் புத்தகம் இருந்திருக்கிறது. என்னிடம் இருந்தது தொலைபேசிதான்.

"சாமி கும்பிட்டாயா?" வழக்கம்போல அம்மா கேட்டார்.

"இப்போதெல்லாம் கும்பிடுவதில்லை அம்மா."

மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, "அங்கே பனி நின்றுவிட்டதா?" என்று கேட்டார்.