கவுன்சிலர் செட் ஆகலைன்னா மாத்திக்கலாம், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க

"அக்கா, அந்த கவுன்சிலர் நல்லவங்களா?" யுனிவர்சிட்டி கவுன்சிலிங் சென்டர் பக்கம் போகலாமா வேணாமான்னு யோசிக்கிற ஜூனியர் யாரு வந்தாலும் மொத கேள்வி இதுதான். இதுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது? என் ரூம்மேட்டுக்கு உசுரா இருந்த அதே மேடம் முன்னாடி நான் உக்காந்தா எனக்கு வாயே வரல. அவங்க மேல ஒரு குறையும் இல்ல. என் ரூம்மேட்டுக்கு யாராவது குறுக்க பேசாம முழுசா கேட்டா போதும்னு இருந்துச்சு, எனக்கு அப்படி இல்ல, நான் ஒண்ணு சொன்னா "அப்படியா, எதை வச்சு சொல்றீங்க"ன்னு திருப்பிக் கேக்குற ஆள் வேணும், இல்லைன்னா நானே நாப்பத்தஞ்சு நிமிஷம் அழகா கதை சொல்லி முடிச்சுட்டு வெளிய வந்துருவேன், எதுவும் மாறியிருக்காது. அப்புறம் கேட்டு மாத்திக்கிட்டேன், ரெண்டாவதா வந்தவங்களோட தான் விஷயம் ஓடுச்சு.

அதனால நல்லவங்களா கெட்டவங்களாங்கிறத விடுங்க, உங்களுக்கு ஒத்து வர்றாங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது, வரலைன்னா என்ன பண்றது, அதைத்தான் எழுதப் போறேன்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இந்த வயசுல மனசு சம்பந்தமான பிரச்சினை வர்றது உங்களுக்கு மட்டும் நடக்குற அதிசயம் இல்ல. 2005-ல அமெரிக்கால பெரிய சர்வே ஒண்ணோட முடிவு வந்துச்சு, வாழ்நாள்ல வர்ற மனநலப் பிரச்சினைகள்ல பாதி 14 வயசுக்குள்ளயும் முக்கால்வாசி 24 வயசுக்குள்ளயும் ஆரம்பிச்சுடுதுன்னு. அதாவது நாம டிகிரி வாங்குற வயசு தான் இதுக்கும் வயசு. "எனக்கு மட்டும் ஏன் இப்படி"ன்னு நெனச்சுக்கிட்டே ஒரு செமஸ்டர் முழுக்க ஓட்டுனவங்களை நான் நெறைய பாத்துட்டேன்.

சரி, யாரு யாருன்னு ஒரு தடவை சொல்லிடுறேன், நெறைய பேர் குழப்பிக்கிறாங்க. சைக்கியாட்ரிஸ்ட்ங்கிறவங்க எம்.பி.பி.எஸ் மாதிரி மருத்துவம் படிச்ச டாக்டர், மாத்திரை எழுதித் தருவாங்க. க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் சைக்காலஜி படிச்சவங்க, டெஸ்ட் வச்சுப் பாத்து, பேச்சு வழியா சிகிச்சை பண்ணுவாங்க. கவுன்சிலர்னா பேசி வழி காட்டுற பயிற்சி எடுத்தவங்க, ஆனா இந்தப் பேருக்கு என்ன படிப்பு வேணும்ங்கிற சட்டம் ஊருக்கு ஊர் வேற, சில இடத்துல யாரு வேணா போர்டு மாட்டிக்கலாம்ங்கிற நிலைமை தான். அதனால "மேடம், நீங்க எதுல ட்ரெய்னிங் எடுத்திருக்கீங்க"ன்னு கேக்குறது மரியாதைக் குறைவு கிடையாது. சரியா படிச்சவங்க சந்தோஷமா சொல்லுவாங்க. யுனிவர்சிட்டி சென்டர்ல ட்ரெய்னிங்ல இருக்குற ஸ்டூடென்ட் கவுன்சிலர்களும் இருப்பாங்க, அதைக் கேட்டதும் மூஞ்சியைச் சுழிக்காதீங்க, அவங்களோட ஒவ்வொரு கேஸையும் மேல ஒரு சீனியர் பாத்துக்கிட்டு இருப்பாங்க, ஆர்வமும் ஜாஸ்தியா இருக்கும்.

ஆனா ஒருத்தரை மட்டும் தவிர்த்துடுங்க, உங்களுக்கு மார்க் போடுற ஆளை. சில டிபார்ட்மென்ட்ல ஒரு சாரையோ மேடத்தையோ "ஸ்டூடென்ட் கவுன்சிலர்"னு போட்டு வச்சிருப்பாங்க, பாசமா தான் இருப்பாங்க, மறுக்கல, ஆனா நாளைக்கு வைவாவுல எதிர்ல உக்காரப் போறவங்ககிட்ட நேத்து ராத்திரி நீங்க என்ன நெனச்சீங்கன்னு எப்படி முழுசா சொல்லுவீங்க? சொல்ல மாட்டீங்க. அட்டெண்டன்ஸ் பிரச்சினை, எக்ஸாம் தள்ளி வைக்கிறது, இதுக்கெல்லாம் அவங்ககிட்ட போங்க, அதுக்கு அவங்கதான் சரி.

மொத அப்பாயின்ட்மென்ட்ல பெரும்பாலும் ஒரு ஃபார்ம் குடுப்பாங்க. டிப்ரஷனுக்கு பி.ஹெச்.க்யூ-9னு ஒண்ணு, ஒம்போது கேள்வி, போன ரெண்டு வாரத்துல தூக்கம் எப்படி, பசி எப்படி, எதுலயும் ஆர்வம் இருந்துச்சா, இப்படிப் போகும், ஒவ்வொண்ணுக்கும் 0-ல இருந்து 3 வரைக்கும், மொத்தம் 27. கவலை பதட்டத்துக்கு ஜி.ஏ.டி-7, ஏழு கேள்வி, மொத்தம் 21. இதுல வர்ற நம்பரைப் பாத்துட்டு "எனக்கு டிப்ரஷன் கன்ஃபர்ம்"னு நீங்களே முடிவு கட்டாதீங்க, அது வடிகட்டிப் பாக்குறதுக்கான கருவி, நோய் என்னன்னு முடிவு பண்றது உக்காந்து பேசுன பிறகு தான். மொத ஃபார்ம்ல ஒம்போதாவது கேள்வி சாவு பத்தியும் தன்னைத் தானே காயப்படுத்திக்கிறது பத்தியும் இருக்கும். அதைப் பாத்ததும் நெறைய பேர் பயந்து 0 போட்டுட்டு வந்துடுறாங்க, உண்மையைச் சொன்னா உடனே வீட்டுக்கு ஃபோன் போயிடும், ஹாஸ்டலை விட்டு அனுப்பிடுவாங்கன்னு. ஒரு நெனப்பு வந்து போறதும் ப்ளான் போட்டு வச்சிருக்கிறதும் ஒண்ணு இல்லைன்னு அவங்களுக்குத் தெரியும். அதுல உண்மையைப் போட்டாத்தான் அடுத்து என்ன கேக்கணும்னு அவங்களுக்குப் புரியும்.

அந்த பயம் சும்மா வந்ததும் இல்ல, அதனால ரகசியம் பத்தி மொத நாளே நேரா கேட்டுடுங்க. எது வெளிய போகும், யாருக்குப் போகும், எழுதி வைக்கிற நோட்ஸ் எங்க இருக்கும், டிபார்ட்மென்ட்டுக்குத் தெரியுமா, அப்பா அம்மாவுக்குச் சொல்லுவீங்களா, சொல்றதா இருந்தா மொதல்ல என்கிட்ட சொல்லுவீங்களா. பொதுவா உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ நெசமான ஆபத்துன்னாலோ, சின்னக் குழந்தைக்குக் கொடுமை நடக்குதுன்னாலோ, கோர்ட் கேட்டாலோ ரகசியத்தை உடைக்கலாம்ங்கிறது தான் நெறைய இடத்துல இருக்குற முறை. இதுல ஒரு பங்குக்குப் பின்னால ஒரு யுனிவர்சிட்டி கதையே இருக்கு. 1969-ல கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியோட பெர்க்லி கேம்பஸ்ல ஒரு ஸ்டூடென்ட், யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரி சைக்காலஜிஸ்ட்கிட்ட ஒரு பொண்ணைக் கொல்லப் போறேன்னு சொன்னான். அவரு கேம்பஸ் போலீஸுக்குச் சொன்னாரு, அவங்க பிடிச்சு விசாரிச்சுட்டு விட்டுட்டாங்க, அந்தப் பொண்ணுக்கு யாருமே ஒரு வார்த்தை சொல்லல, கடைசில அவன் கொன்னுட்டான். பொண்ணோட அப்பா அம்மா போட்ட டாராசாஃப் வழக்குல 1976-ல கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட், ஆபத்துல இருக்குறவங்களைக் காப்பாத்துற பொறுப்பு தெரப்பிஸ்ட்டுக்கு உண்டுன்னு சொல்லிடுச்சு. அந்தத் தீர்ப்பு மத்த இடங்கள்லயும் இந்தப் பேச்சைக் கிளப்பி விட்டுச்சு. லவ் மேட்டர், ரெண்டு அரியர், அப்பா மேல கோவம், இதெல்லாம் இந்தக் கணக்குல சுத்தமா வராது. கேட்டதுக்கு "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா"ன்னு மழுப்புறாங்கன்னா தெளிவா சொல்லச் சொல்லி இன்னொரு தடவை கேளுங்க.

இப்ப அசல் விஷயத்துக்கு வரேன். ஒத்து வர்றதுன்னா என்ன? சிரிச்சுப் பேசுறாங்க, அவங்க ரூம் அமைதியா இருக்கு, இது போதாது. 1979-ல எட்வர்ட் போர்டின்னு ஒரு சைக்காலஜிஸ்ட் இதை மூணா பிரிச்சு வச்சாரு: எதுக்காக வந்திருக்கோம்ங்கிறதுல ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணம் இருக்கா, அதுக்கு என்ன வேலை பண்ணப் போறோம்ங்கிறதுல ஒத்துப் போறமா, நடுவுல ஒரு நம்பிக்கை இருக்கா. மூணாவது மட்டும் இருந்து மொத ரெண்டும் இல்லாத கேஸ் தான் அதிகம்னு எனக்குத் தோணுது. ஆள் ரொம்பப் பிடிக்கும், வாராவாரம் போவோம், ஆனா எதுக்குப் போறோம்னு கேட்டா பதில் வராது. எனக்கு மொத மேடத்தோட அதுதான் நடந்துச்சு, அவங்க என் தன்னம்பிக்கையை வளர்க்கணும்னு நெனச்சாங்க, எனக்கு ராத்திரி தூங்கணும், அவ்ளோதான்.

இது ஏதோ மனசு திருப்திக்குச் சொல்றதும் இல்ல. 2018-ல 295 ஆய்வுகளைச் சேர்த்து வச்சுப் பாத்தாங்க, சிகிச்சை குடுக்குறவங்களுக்கும் வர்றவங்களுக்கும் நடுவுல இந்த உறவு நல்லா இருக்குற இடத்துல பலனும் நல்லா இருக்குன்னு திரும்பத் திரும்ப வருது. தொடர்பு பிரமாதமான அளவுல ஒண்ணும் இல்ல, மிதமானது தான், ஆனா எந்த முறை சிகிச்சையா இருந்தாலும் தென்படுது. அதுக்காக முறையே முக்கியம் இல்லைன்னு சிலர் பேசுறதை நான் ஒத்துக்க மாட்டேன். ஓ.சி.டி, அதாவது வேணாம்னாலும் ஒரே நெனப்பு திரும்பத் திரும்ப வந்து ஒரே செயலைப் பண்ண வைக்கிற பிரச்சினை, இருக்குறவங்களுக்கு எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் ப்ரிவென்ஷன்னு தனியா ஒரு பயிற்சி இருக்கு, பயத்தைக் கிளப்புற விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமா எதிர்கொண்டு, திரும்பத் திரும்ப கை கழுவுற மாதிரி பழக்கத்தை அப்ப பண்ணாம இருக்கப் பழகுறது. அது தெரியாத அன்பான கவுன்சிலர் "ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க"ன்னு வாராவாரம் ஆறுதல் சொன்னா ஓ.சி.டிக்கு அது தீனி போட்ட மாதிரி. சாப்பாடு சம்பந்தமான பிரச்சினை, பழைய கொடுமையோட பாதிப்பு, இதுக்கும் அதே தான், "இதுல உங்களுக்கு அனுபவம் இருக்கா"ன்னு கேட்டே ஆகணும். "எனக்கு இல்ல, இன்னார்கிட்ட அனுப்புறேன்"னு சொல்றவங்க மேல எனக்கு மரியாதை ஜாஸ்தி.

நான் வச்சிருக்கிற டெஸ்ட் ஒண்ணே ஒண்ணுதான். போன வாரம் அவங்க சொன்னதுல ஏதாவது ஒண்ணு உங்களுக்கு உறுத்தியிருக்கும், அதை அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிப் பாருங்க. "மேடம், நீங்க அன்னைக்கு அப்படிச் சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு"ன்னு. நம்ம வளர்ப்புக்கு இது லேசுப்பட்ட காரியம் இல்ல, பெரியவங்க, படிச்சவங்க, அவங்ககிட்ட போய் எதிர்த்துப் பேசுறதான்னு நாக்கு ஒட்டிக்கும், எனக்கும் பக்கு பக்குன்னு தான் இருந்துச்சு. ஆனா ரெண்டாவது மேடம்கிட்ட நான் சொன்னப்ப அவங்க நிமிர்ந்து உக்காந்து "எந்த வார்த்தை? சொல்லுங்க"ன்னு கேட்டாங்க, அந்த செஷன் முழுக்க அதுலயே போச்சு, அன்னைக்குத் தான் நான் எங்க வீட்டைப் பத்தி மொத தடவையா பேசுனேன். ஜெரமி சாஃப்ரன்னு ஒரு சைக்காலஜிஸ்ட் இந்த மாதிரி உரசலையும் அதைச் சரி பண்றதையும் பத்தியே வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணிருக்காரு. உரசல் வர்றது சகஜம், அதைப் பேசிச் சரி பண்றதே சிகிச்சைல ஒரு பங்குன்னு அவரு சொல்லியிருக்காரு. சொன்னதும் முகம் மாறுது, சப்பைக்கட்டு கட்டுறாங்க, "நீங்க ரொம்ப சென்சிட்டிவ்"னு உங்க பக்கமே திருப்பி விடுறாங்கன்னா, அங்க இருந்து கிளம்பிடலாம்.

டெஸ்ட் எல்லாம் வைக்காமலே கிளம்ப வேண்டிய இடமும் இருக்கு. பத்து நிமிஷத்துல அட்வைஸ் ஆரம்பிக்கிறவங்க. "இதெல்லாம் ஒரு பிரச்சினையா, உலகத்துல எவ்ளோ பேர் கஷ்டப்படுறாங்க"ன்னு சொல்றவங்க. உங்க கதையை விட்டுட்டு அவங்க கதையைச் சொல்றவங்க. சாமி கும்பிடு சரியாயிடும், கல்யாணம் ஆனா சரியாயிடும்னு முடிச்சு விடுறவங்க. உங்க பாலின ஈர்ப்பை "மாத்திடலாம்"னு சொல்றவங்ககிட்ட ரெண்டாவது நிமிஷம் கூட உக்காராதீங்க, ஓரினச்சேர்க்கை நோய் இல்லைன்னு அமெரிக்க சைக்கியாட்ரி சங்கம் 1973-லயும் உலக சுகாதார நிறுவனம் 1990-லயும் நோய்ப் பட்டியல்ல இருந்து எடுத்தாச்சு, இன்னும் அதைப் பிடிச்சுத் தொங்குறவங்க வேற எதைப் படிச்சிருக்கப் போறாங்க.

அதே நேரம் ஒரே செஷன்ல "செட் ஆகல"ன்னு ஓடுறதும் வேணாம், மொத செஷன் முக்கால்வாசி கேள்வி பதில்லயே போயிடும், ஆள் எப்படின்னே தெரியாது. ரெண்டு மூணு தடவை பாருங்க. அழுதுட்டு வெளிய வர்றதும் கெட்ட அறிகுறி இல்ல, சில நாள் பேசுன பிறகு பாரமாத்தான் இருக்கும். பேச வேண்டிய விஷயம் எந்த மொழில மனசுல ஓடுதோ அந்த மொழி தெரிஞ்சவங்க சென்டர்ல இருக்காங்களான்னும் கேளுங்க, நான் இங்கிலீஷ்ல பேசுனப்ப ப்ரசன்டேஷன் குடுக்குற மாதிரியே இருந்துச்சு.

மாத்துறதுக்கு பெரிய நாடகம் எல்லாம் தேவையில்ல. அவங்ககிட்டயே சொன்னா நல்லது, முடியலைன்னா ரிசப்ஷனுக்கு ஒரு மெயில் போதும்: "எனக்கு வேற ஒரு கவுன்சிலரைப் பாக்கணும்னு தோணுது, என் பிரச்சினை பதட்டம், முடிஞ்சா பெண் கவுன்சிலர், மாத்தித் தர முடியுமா?" காரணத்தை விளக்கி கட்டுரை எழுத வேணாம். அவங்களுக்கு இது வாராவாரம் நடக்குற வேலை. பழைய நோட்ஸ் புது ஆளுக்குப் போகட்டுமா வேணாமான்னு அதுலயே சொல்லிடுங்க, இல்லைன்னா மொதல்ல இருந்து எல்லாத்தையும் ஒப்பிக்கணும்.

ஒண்ணே ஒண்ணு, உயிரை விட்டுடலாம்ங்கிற அளவுக்குப் போயிட்டா ஒத்து வருமா வராதான்னு பாக்குற நேரம் அது இல்ல. அந்த ராத்திரிக்கு எமர்ஜென்சி நம்பர், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல் வார்டன், பக்கத்து ரூம், யாரு கிடைக்கிறாங்களோ அவங்க. கவுன்சிலரைத் தேடுறதை அப்புறம் வச்சுக்கலாம்.

அப்புறம் இந்த நேர விவகாரம். எக்ஸாம் நெருங்க நெருங்க சென்டர்ல கூட்டம் பிதுங்கும், வாரக்கணக்குல காத்திருக்கணும், அதனால செமஸ்டர் ஆரம்பத்துலயே பேர் குடுத்து வைங்க, கேன்சல் ஆன ஸ்லாட் வந்தா கூப்பிடச் சொல்லுங்க. நெறைய சென்டர்ல இத்தனை செஷன் தான்னு ஒரு அளவு இருக்கும், அதை மொத நாளே கேட்டா எதை மொதல்ல பேசணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம். லீவுல சென்டர் மூடியிருக்குமா, ஆன்லைன்ல பேச முடியுமா, கோர்ஸ் முடிஞ்சா வெளில யாருக்கு ரெஃபர் பண்ணுவாங்க, இதைக் கடைசி செஷன்ல அவசர அவசரமா கேக்காதீங்க, அப்ப அவங்களும் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு இருப்பாங்க.