நிலத்தின் எண்ணிலிருந்து ஒரு மனிதரை நோக்கி: ஸ்வீடனிலிருந்து வந்த விவசாயியின் ஆவணங்களைத் தேடிய அனுபவம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் வசிக்கும் மூதாட்டி ஒருவர், ஸ்வீடனிலிருந்து வந்து கண்டியோஹை மாவட்டத்தில் நிலம் எடுத்த தம் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி ஆவணங்களில் என்ன இருக்கிறது என்று தேடித் தரும்படி என்னைக் கேட்டுக்கொண்டார். குடும்பத்தில் மிஞ்சியிருந்தவை ஒரு கல்லறைக் கல், ஒரு ஸ்வீடிஷ் வேதாகமம், அரசாங்கம் அவருக்கு 160 ஏக்கர் இலவசமாகக் கொடுத்தது என்ற செவிவழிச் செய்தி ஆகியவை மட்டுமே. பழைய விவசாயக் குடும்பம் ஒன்றின் வரலாற்றை இந்நாட்டின் காகிதங்களிலிருந்து எப்படி மீட்கலாம் என்று அறிய விரும்புவோருக்கு உதவும் என்ற எண்ணத்தில் அந்தத் தேடலை இங்கே எழுதுகிறேன்.

பெயரைக் கொண்டு தேடுவது இங்கே பலன் தராது. அக்காலத்து ஸ்வீடன் கிராமங்களில் ஆண்டர்ஸின் மகன் ஆண்டர்சன், அந்த ஆண்டர்சனின் பெயர் யோஹான் என்றால் அவர் மகன் யோஹான்சன் என்று, தலைமுறைக்குத் தலைமுறை பின்பெயர் மாறிக்கொண்டே வந்தது. தந்தை பெயரையே தலைப்பெழுத்தாகக் கொண்டு வளர்ந்த எனக்கு அந்த முறை அந்நியமாகப் படவில்லை. ஆனால் ஒரே மாவட்டத்தில் ஒரே பெயரோடு பலர் இருக்கும்போது நமக்கு வேண்டியவர் யார் என்று பெயரால் மட்டும் சொல்ல முடியாது. நிலம் அப்படியல்ல. ஆறு மைல் நீளமும் ஆறு மைல் அகலமும் கொண்ட டவுன்ஷிப், அதற்குள் 640 ஏக்கர் வீதம் 36 செக்‌ஷன்கள், ஒவ்வொரு செக்‌ஷனிலும் நான்கு கால் பகுதிகள் என்று அரசாங்கம் முன்கூட்டியே அளந்து எண்ணிட்டு வைத்திருந்ததால், பண்ணை இருந்த இடம் தெரிந்தால் அதன் எண் தெரிந்துவிடும். அந்த எண்ணைக் கொண்டு அமெரிக்க அரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் இணையதளத்தில் தேடியபோது, முதல் பட்டாவின் படம் கட்டணமின்றியே கிடைத்தது.

பட்டாவில் இருந்தது 80 ஏக்கர்தான். குடும்பத்தாருக்கு அது ஏமாற்றமாக இருந்தது, ஆனால் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. லிங்கன் 1862 மே 20 அன்று கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம், 21 வயது நிரம்பியவருக்கோ குடும்பத் தலைவருக்கோ, ஐந்தாண்டுகள் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் வரை தருவதாகச் சொன்னது. ஆயினும் ரயில் பாதையின் இருபுறமும் ஒற்றைப்படை எண் கொண்ட செக்‌ஷன்கள் ரயில் நிறுவனங்களுக்கு மானியமாகக் கொடுக்கப்பட்டிருந்தன. இடையில் எஞ்சிய இரட்டைப்படைச் செக்‌ஷன்களின் மதிப்பு இருமடங்காக வைக்கப்பட்டதால், அந்த எல்லைக்குள் குடியேறியவருக்குப் பாதியளவே கிடைத்தது. 1879இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அம்மாவட்டத்திலுள்ள வில்மர் நகருக்கு ரயில் வந்தது 1869இல். இவர் நிலம் பதிந்ததோ அதற்கு மறு ஆண்டு.

பட்டா என்பது முடிவு மட்டுமே. அதற்குப் பின்னால் உள்ள கோப்பில்தான் மனிதர் தென்படுகிறார். பட்டாவிலிருந்து நில அலுவலகத்தின் பெயர், இறுதிச் சான்றிதழ் எண், நிலத்தின் விவரம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு விண்ணப்பித்தால், ஹோம்ஸ்டெட் கோப்பின் நகலைக் கட்டணம் பெற்று அனுப்புகிறார்கள். பட்டாவோடு நின்றுவிடுபவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது இதுதான்: கோப்பை வரவழைக்காமல் விடாதீர்கள். முதல் விண்ணப்பம், குடியுரிமை பெற்றதற்கான சான்று, நிலம் தம்முடையதாக வேண்டி 1876இல் அவர் அளித்த வாக்குமூலம், அக்கம்பக்கத்து விவசாயிகள் இருவரின் சாட்சியம் ஆகியவை அதில் இருந்தன. வெளிநாட்டில் பிறந்தவர், குடிமகனாகும் விருப்பத்தை அறிவித்தாலே நிலத்தைப் பதியலாம்; ஆனால் குடிமகனான பிறகே பட்டா பெறலாம் என்பதால், நீதிமன்றச் சான்று கோப்போடு சேர்ந்தே வருகிறது.

சாட்சியம் அச்சிட்ட படிவத்தில் இருக்கிறது. இடையிடையே கையால் நிரப்பியிருக்கிறார்கள். 14 அடிக்கு 18 அடி அளவுள்ள மரக்கட்டை வீடு, பலகைத் தரை, ஒரு கதவு, இரண்டு ஜன்னல்கள், ஒரு தொழுவம், ஒரு கிணறு, உழுது பயிரிட்ட 35 ஏக்கர், இவ்வளவுதான் அதில் உள்ளது. 80 ஏக்கரில் 35ஐப் பயிருக்குக் கொண்டுவர இத்தனை ஆண்டுகள் ஆயினவா என்று கேட்கத் தோன்றும். புல்வெளியின் வேர்ப்படலம் எவ்வளவு கெட்டியானது என்பதையும், எருது பூட்டிய கலப்பையால் அதைக் கிழிப்பது எவ்வளவு மெதுவான வேலை என்பதையும் நினைத்தால் அந்த எண்ணின் பெருமை விளங்கும். இடையில் 1873 முதல் 1877 வரை மினசோட்டாவில் வெட்டுக்கிளிகள் பயிரை அழித்த ஆண்டுகள் வேறு. விளைச்சலை இழந்தவர்கள் பிழைப்புக்காகத் தற்காலிகமாக நிலத்தை விட்டுப் போனாலும் உரிமை கெடாது என்று காங்கிரஸ் சலுகை அளித்திருந்தும், இவர் தொடர்ந்து அங்கேயே குடியிருந்தார் என்று இரு சாட்சிகளும் சொல்லியிருக்கிறார்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்கு அவர் மீது மிகுந்த மரியாதை உண்டாயிற்று.

அந்த நிலம் காலியாகக் கிடந்ததன் காரணத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. அது பூர்வகுடிகளான டகோட்டா மக்களின் நிலம். 1851ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தால் அவர்களிடமிருந்து பெறப்பட்டது. அவர்களுக்கும் அமெரிக்க அரசுக்கும் இடையே 1862இல் மூண்ட போரில் இந்தப் பகுதியில் ஸ்வீடிஷ் குடும்பங்கள் சில கொல்லப்பட்டன, எஞ்சியோர் ஊரை விட்டு ஓடினர். அவ்வாண்டு டிசம்பர் 26 அன்று மான்கேட்டோவில் 38 டகோட்டா ஆண்கள் தூக்கிலிடப்பட்டனர், மறு ஆண்டு அம்மக்கள் மாநிலத்தை விட்டே வெளியேற்றப்பட்டனர். குடும்பத்துக்கு நான் எழுதிக் கொடுத்த வரலாற்றில் இதை முதல் பக்கத்திலேயே வைத்தேன். மூதாட்டியும் அதுவே சரி என்றார்.

கோப்பில் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தையே வருகிறது, மனைவி உண்டு என்பது மட்டும். அவருடைய உழைப்பு தெரிவது 1880ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின் விவசாய அட்டவணையில்தான். கோதுமை எத்தனை புஷல், கறவை மாடு எத்தனை என்பவற்றோடு, அந்தப் பண்ணையில் ஓராண்டில் கடைந்த வெண்ணெய் எத்தனை பவுண்டு, முட்டை எத்தனை டஜன் என்பதையும் கணக்கெடுப்பாளர் எழுதியிருக்கிறார். கோதுமை பொய்த்த ஆண்டுகளில் கடையில் மாவும் உப்பும் வாங்க இத்தகைய குடும்பங்களுக்குக் கைகொடுத்தவை அந்த வெண்ணெயும் முட்டையும்தான்.

ஸ்வீடனில் கொள்ளுத்தாத்தாவின் ஊரைக் கண்டுபிடிக்க, இங்குள்ள லூத்தரன் தேவாலயத்தின் உறுப்பினர் பதிவேடு வழிகாட்டியது. ஸ்வீடிஷ் குடியேறிகளின் லூத்தரன் சபையான அகஸ்டானா சபையைச் சேர்ந்த தேவாலயங்கள் ஸ்வீடிஷ் மொழியிலேயே பதிவேடு வைத்து, பிறந்த நாளோடு பிறந்த பங்கையும் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் வட்டாரத்தையும்) குறித்து வந்தன. ஸ்மோலாண்ட் பகுதிப் பங்கு ஒன்றின் பெயர் அதில் கிடைத்ததும், ஸ்வீடன் தேசிய ஆவணக் காப்பகம் 2018 முதல் இலவசமாகத் திறந்துவிட்டிருக்கும் பதிவேடுகளில் வேலை சுலபமாயிற்று. அந்நாட்டுப் பாதிரிமார் ஒவ்வொரு வீட்டாருக்கும் வேத அறிவைச் சோதித்து, வாசிக்கத் தெரியுமா, அம்மை குத்தப்பட்டதா, எங்கிருந்து வந்தார், எங்கே போனார் என்று குடும்பம் குடும்பமாக எழுதி வைத்திருக்கிறார்கள். இவர் தந்தை பிறர் நிலத்தில் குடிசை கட்டி, வாடகைக்கு ஈடாக உழைத்துக் கொடுத்தவர். 1867இல் குளிராலும் மழையாலும், 1868இல் வறட்சியாலும் விளைச்சல் பொய்த்தது. 1868இல் மகனின் பெயர் மேல் கோடு கிழித்து வட அமெரிக்கா என்று எழுதப்பட்டிருக்கிறது. ஸ்வீடனின் துறைமுக நகரான கோத்தன்பர்க் காவல்துறையின் பயணிகள் பட்டியல்கள் 1869இல் தொடங்குவதால், எந்தக் கப்பலில் போனார் என்பதை அங்கே தேட இயலாது.

குடும்பத்தார் இப்போது மனைவியின் பிறந்த வீட்டைத் தேடச் சொல்லியிருக்கிறார்கள். அவர் பெயர் பட்டாவில் இல்லாததால், இந்தமுறை நிலத்தை விட்டுவிட்டுத் தேவாலயத்தின் திருமணப் பதிவேட்டிலிருந்தே தொடங்கியிருக்கிறேன்.