சிலேட்டுக்கல்: கடலோரக் கடைக்கும் விடுதிக்கும் எது சரிவரும்

கையால் பிளந்த சிலேட்டுக்கல்லையும் மெஷினில் அறுத்து மினுக்கிய கறுப்புக் கல்லையும் ஒரே மேசையில் வைத்து, யன்னல் பக்கமாக நின்று பாருங்கள். மினுக்கிய கல் வெளிச்சத்தைக் கண்ணாடி மாதிரித் திருப்பி அடிக்கும். விரல் அடையாளமும் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் அப்படியே தெரியும். பிளந்த கல்லின் முகத்தில் மெல்லிய ஏற்ற இறக்கம் இருப்பதால் வெளிச்சம் அதில் சிதறிவிடும். மேலே வைத்த சாமான் எடுப்பாகத் தெரியும். சுட்ட இறால், வெட்டிய பப்பாசி, வெள்ளிக் காப்பு, கைத்தறித் துணி என்று எதை வைத்தாலும் நிறம் தூக்கிக் காட்டும். கடைக்காரரும் விடுதிக்காரரும் இந்தக் கல்லுக்குக் காசு கொடுப்பது அந்த முகத்துக்காகத்தான். அது இல்லாத கல்லுக்கு அதே விலை கொடுக்க வேண்டியதில்லை.

சேறும் களியும் அடைந்து இறுகி, பிறகு நிலத்துக்கடியில் மிதமான சூட்டிலும் கடும் அழுத்தத்திலும் கிடந்து உருவான கல் இது. அழுத்தத்தில் மைக்கா எனும் கனிமத்தின் செதில்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துவிடும். அதனால்தான் விளிம்பில் அகல உளியை வைத்து மரச் சுத்தியலால் தட்டினால் தகடு தகடாகப் பிரிகிறது. இலங்கையின் பாறை பெரும்பாலும் அதைவிட மிக அதிக சூட்டில் வெந்த நைஸ் (gneiss) எனும் பாறை வகை, தகடாகப் பிளக்காது. ஆகவே இங்கே திருகோணமலையில் கிடைக்கும் சிலேட்டு வெளியிலிருந்து வந்ததுதான். பெயர்போனது வேல்ஸ் நாட்டுக் கல். அங்கே பெத்தெஸ்டா ஊரை ஒட்டிய பென்ரின் அகழியின் கல்லில் ஊதாச் சாயல் இருக்கும். வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்பை 2021 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நமக்குக் கிட்டடியில் என்றால் ஆந்திரத்தின் மார்க்காபுரம். மரச்சட்டம் போட்ட பள்ளிக்கூடச் சிலேட்டுக்குப் பெயரெடுத்த ஊர் அது.

அதே ஆந்திரத்திலிருந்து கடப்பாக்கல்லும் வருகிறது. கறுப்பு, தட்டை, விலை மலிவு. தரைக்கும் சமையலறை அலமாரித் தட்டுக்கும் நல்ல கல், ஆனால் அது சுண்ணாம்புக்கல். சிலேட்டு என்ற பெயரில் அதைச் சாப்பாட்டுப் பலகையாக வாங்கினால், மீனுக்குப் பிழியும் தேசிக்காய்ப் புளியே அதை அரித்துவிடும். வாங்குமுன் கல்லின் பின்பக்கத்தில் ஒரு துளி வினாகிரி விட்டு ஐந்து நிமிடம் பொறுத்துத் துடையுங்கள். நுரைத்தாலோ, அந்த இடம் மங்கி வெளிறினாலோ விட்டுவிடுங்கள். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் பஞ்சை நனைத்து ஒரு மூலையில் தேய்ப்பதும் நல்லது. பஞ்சு கறுத்தால் அது சாயம் பூசிய கல்.

அடுத்தது சத்தம். பலகையை இரண்டு விரலில் தொங்கவிட்டு முட்டியால் தட்டினால் நல்ல கல் கணீரென்று கேட்கும். மொத்தையான சத்தம் வந்தால் உள்ளே எங்கோ தகடு பிரிந்திருக்கிறது. பொன் நிறப் புள்ளிகளையும் பாருங்கள். பைரைட் எனும் இரும்புக் கந்தகம் அது. பார்க்க அழகுதான், ஆனால் நமது ஈரக்காற்றில் சில வகை கறள் பிடித்து, கல்லில் பழுப்புக் கோடு வடியும். வெளிச்சுவருக்கு அந்தக் கல் வேண்டவே வேண்டாம்.

பெரிய ஓடராக இருந்தால் ஒரு பலகையை நிறுத்துப் பாருங்கள். 30 × 20 செ.மீ., 5 மி.மீ. தடிப்பான பலகை ஏறத்தாழ 825 கிராம் இருக்கும். நன்றாகக் காயவைத்து நிறுத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, மேல் ஈரத்தைத் துடைத்துத் திரும்ப நிறுங்கள். கூரைச் சிலேட்டுக்கான ஐரோப்பியத் தரத்தில் 0.6 சதவீத நீருறிஞ்சல் ஓர் எல்லைக்கோடு. இந்தப் பலகைக்கு அது 5 கிராம் வரும். சமையலறைத் தராசே போதும். இருபது கிராம் ஏறினால் அந்தக் கல் எண்ணெயையும் மீன் வாடையையும் அதே மாதிரிக் குடிக்கும்.

தடிப்பை மட்டும் பார்த்து வாங்குவது பிழை. 40 × 30 செ.மீ., 8 மி.மீ. பலகை 2.6 கிலோவுக்கு மேல் வரும். அதில் சாப்பாட்டையும் ஏற்றி ஒரு கையால் தூக்கிக்கொண்டு மணலில் போட்ட மேசைகளுக்கு நடப்பது பரிமாறுபவருக்குப் பாவம். இரண்டு பேர் சாப்பாட்டுக்கு 30 × 20 போதும். பெரியதை புஃபே மேசையில் நிரந்தரமாக வைக்கலாம்.

கைவேலையின் தரம் விளிம்பில்தான் தெரியும். நறுக்கித் தட்டிய விளிம்பு அழகு, ஆனால் அவசரமாகத் தட்டியதில் மெல்லிய செதில்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். கட்டைவிரலைச் சுற்றிலும் ஓட்டிப் பாருங்கள். செதில் கையோடு வந்தால் அது நாளைக்குச் சாப்பாட்டுக்குள் போகும். 120 நம்பர் ஈரத் தேய்தாளால் விளிம்பைத் தண்ணீரோடு தேய்த்து, தும்புத் தூரிகையால் கழுவி, ஒரு நாள் காயவிட்ட பிறகே மேசைக்கு அனுப்ப வேண்டும்.

எண்ணெய் பூசுவதில்தான் கனபேர் கல்லைக் கெடுக்கிறார்கள். தேங்காயெண்ணெய் நாளடைவில் காறல் மணக்கும், நல்லெண்ணெய் பிசின் மாதிரி ஒட்டும். மருந்துக்கடையில் கிடைக்கும், உள்ளுக்குக் குடிக்கும் தரத்திலான லிக்விட் பரஃபினை எடுங்கள். 30 × 20 பலகைக்கு ஒரு தேக்கரண்டி தாராளம். பூசி இருபது நிமிடம் விட்டு, மிச்சத்தை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும். கத்திக் கீறல்கள் இதில் மறையும். ஆனாலும் சிலேட்டில் வெட்டப் பழக்காதீர்கள்: கல்லில் கீறலும் விழும், கத்தியும் மழுங்கும். பலகைக்குத் தட்டு மாதிரிக் கரை கிடையாது, குழம்பு நிற்காது. சொதியும் கறியும் சின்னச் சட்டியில் வைத்து, பலகையில் வாட்டிய வாழையிலைத் துண்டு போட்டுப் பொரித்த கணவாயும் இறால் வடையும் வையுங்கள். இலை எண்ணெயையும் தடுக்கும். குளிர்சாதனப் பெட்டியில் இருந்து எடுத்த கல்லில் அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புச் சட்டியை நேரே வைக்க வேண்டாம். ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் தகடு கழன்றுவிடும். கையால் கழுவி நிமிர்த்திக் காயவிடுங்கள், ஊறப்போட வேண்டாம்.

எண்ணெய் பூசிய கல்லில் சோக் பிடிக்காது. ஆகவே சாப்பாட்டுப் பலகையையும் விலைப் பலகையையும் ஆரம்பத்திலேயே வேறாக்கி, பின்பக்கத்தில் அடையாளம் போட்டு வையுங்கள். எழுதப்போகும் புதுக் கல்லில் சோக்கைப் படுக்கவைத்து முழுதும் தேய்த்துத் துடைத்தால், முதலில் எழுதுவது நிரந்தரமாகப் பதியாது. திரவச் சோக் பேனையைப் பின்பக்கத்தில் எழுதி, மறுநாள் அழித்துப் பார்த்த பிறகே முன்பக்கத்தில் தொடுங்கள்.

பெயர்ப்பலகைக்கு வருவோம். இங்கே நாங்கள் மூன்று மொழியிலும் எழுத வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போட்ட அளவையே தமிழுக்கும் போட்டால் கெட்டுவிடும். ண, ன, ழ போன்றவற்றின் சுழிக்குள் நிற்கும் கல்துண்டு மிகச் சிறியதானால் வெட்டும்போதே தெறித்துவிடும். புள்ளியும் அப்படித்தான், பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக் குழியாகிவிடும். வாசல் பலகையில் தமிழ் எழுத்தின் உடல் 40 மி.மீ. உயரத்துக்குக் குறையக் கூடாது என்பது எங்கள் கருத்து. லேசரில் எழுதினால் மேற்பரப்பு வெளிர் சாம்பலாக மாறும், ஆழம் மிகக் குறைவு. அறை இலக்கத்துக்கும் கப் தட்டுக்கும் அது போதும். வெயிலும் மழையும் படும் இடத்துக்கு உளியால் ஆங்கில வீ வடிவத்தில் வெட்டிய எழுத்துத்தான் நிற்கும். நிறம் உதிர்ந்தாலும் நிழலாலேயே வாசிக்கலாம். ஓடர் கொடுக்குமுன் வாசகத்தைக் கடதாசியில் முழு அளவில் அச்சடித்து, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள். கல்லில் வெட்டியதை அழிக்க வழியில்லை.

துளை போடும்போது டிரில்லின் சுத்தியல் அடியை நிறுத்திவிடுங்கள். வைரமுனை பிட், மெதுவான வேகம், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், அடியில் இறுக்கமாக ஒரு பலகைத் துண்டு. அடிப்பலகை இல்லாவிட்டால் பிட் வெளியே வரும் பக்கம் கல் சில்லாகப் பெயரும். துளை விளிம்பிலிருந்து 25 மி.மீ. உள்ளே இருக்கட்டும். 4 மி.மீ. திருகாணிக்கு 6 மி.மீ. துளை போட்டு, இடையில் றப்பர் வளையம் வைத்து, கையால் மட்டும் முறுக்குங்கள். கடற்கரைக்கு 316 தரத் துருப்பிடிக்கா எஃகு எடுங்கள். நாகம் பூசிய ஆணியின் கறள் கல்லின் முகத்தில் ஒழுகும். சுவருக்கும் கல்லுக்கும் இடையில் 8 மி.மீ. இடைவெளி விட்டால் மழைத்தண்ணீர் தேங்காது. சிலிக்கன் ஒட்டுவதானால் வினாகிரி மணம் வராத வகையை வாங்குங்கள், மணப்பது உலோகத்தை அரிக்கும்.

கடல் பார்த்த சுவரில் உப்புத்தான் முதல் எதிரி. காற்றோடு வரும் உப்புநீர் கல்லின் இடுக்கில் காய்ந்து படிகமாகி, விளிம்பைச் செதில் செதிலாகத் தள்ளும். கிழமைக்கு ஒருதரம் நல்ல தண்ணீரால் கழுவினால் போதும், சவர்க்காரம் தேவையில்லை. மே முதல் செப்டெம்பர் வரையான பருவத்தில் நடுப்பகல் வெயிலில் கிடந்த கல் கையைச் சுடும். வெளிமேசைப் பலகைகளை நிழலில் வைத்து எடுங்கள்.

ஒக்டோபரில் மழை தொடங்கி ஆட்கள் குறையும்போது பலகைகளைப் படுக்கையாக அடுக்க வேண்டாம். கீழே கிடக்கும் கல் பாரத்தில் வெடிக்கும், இடையில் மாட்டிய மணல் முகத்தைக் கீறும். கழுவி இரண்டு நாள் காற்றில் வைத்து, இடையிடையே மட்டை செருகி, நீள விளிம்பில் நிமிர்த்தி ஒரு மரப்பெட்டியில் வையுங்கள். ஒட்டியிருந்த றப்பர் கால்கள் கழன்றிருந்தால், அந்த இடத்தை ஸ்பிரிற்றால் துடைத்துக் காயவிட்டுப் புதியதை ஒட்டலாம். கல்தூசி இருக்கும் வரை எந்தப் பசையும் பிடிக்காது. அடுத்த பருவத்துக்குக் குறைவதை மார்ச்சுக்கு முன்பே சொல்லி, பத்துக்கு ஒன்று கூடுதலாக எடுங்கள். இயற்கைக் கல் என்பதால் பிறகு வரும் தொகுதி அதே நிறத்தில் இருக்காது.