மூக்குக் குழாயும் சிஸ்டரின் கையும்

குன்னூரில் தீவிர சிகிச்சைப் பிரிவில் அப்பா 11 நாள் நினைவின்றிக் கிடந்தபோது, மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் குழாயில் உணவு செலுத்தும் முன்பெல்லாம், செவிலியர் மூக்கோரம் தெரியும் அளவுக்குறியைச் சரிபார்த்து, குழாயிலிருந்து உறிஞ்சிய சில துளிகளை அமிலத்தன்மை காட்டும் pH தாளில் விட்டு, pH அளவு 5.5-ஐத் தாண்டவில்லை, அதாவது குழாய் இரைப்பையில்தான் இருக்கிறது என உறுதிசெய்த பிறகே தொடங்குவார். காற்றை ஊதி ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்பதை நம்ப முடியாதாம். குழாய் நுரையீரலுக்குள் போயிருந்தாலும் அதே சத்தம் வரக்கூடும். (முதன்முறை குழாய் போட்டபோது, அது சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த எக்ஸ்ரே எதற்கென்று நான் முணுமுணுத்திருந்தேன்.) தலைமாட்டை 30 பாகைக்குக் குறையாமல் உயர்த்தியே வைத்தார், மருந்துக்கு முன்னும் பின்னும் நீர் செலுத்தி அடைப்பு வராமல் பார்த்துக்கொண்டார். நாசியில் புண் வராதிருக்க பிளாஸ்திரியை இடம்மாற்றி ஒட்டும்போது, "ஐயா, கொஞ்சம் ஈரத்துணி படும், குளிரும்" என்று நினைவில்லாத அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் தொடுவார்.