போர்டு அப்புறம், முதலில் சிமுலேஷன்

எஃப்பிஜிஏ (உள்ளே இருக்கும் சர்க்யூட்டை நாமே எழுதி அமைத்துக்கொள்ளக்கூடிய சிப்) கற்கப் போகிறேன் என்றதும் "எந்த போர்டு வாங்கினே?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். போர்டுக்கு இப்போது என்ன அவசரம்? எழுதிய சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கும் இக்காரஸ் வெரிலாக், அதன் சிக்னல்களை வேவ்ஃபார்மாக (நேரத்தோடு மாறும் வரைபடமாக) காட்டும் ஜிடிகேவேவ் இரண்டும் இலவசம், ஆரம்பத்துக்கு அதுவே தாராளம்.

சர்க்யூட்டை எழுதும் மொழியான வெரிலாக் பார்ப்பதற்கு சி மொழி மாதிரி இருக்கும், நம்பிவிடாதீர்கள். நாம் எழுதுவது வரிவரியாக ஓடும் புரோகிராம் இல்லை, எல்லாம் ஒரே நேரத்தில் இயங்கும் சர்க்யூட். கிளாக் சிக்னல் மாறும் விளிம்பில் ஏ-வுக்குள் பி, பி-க்குள் ஏ என்று நான்-பிளாக்கிங்கில் (பழைய மதிப்புகளை முதலில் படித்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றும் முறையில்) எழுதினால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும், நடுவில் தற்காலிக வேரியபிள் எதுவும் தேவையில்லை. எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த இடம்.

அப்புறம் எல்இடி மினுக்குவது. 50 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் அரை நொடிக்கு ஒருமுறை எல்இடி மாற, கவுண்டர் 2.5 கோடி வரை எண்ண வேண்டும். அதை அப்படியே சிமுலேட் செய்தால் வேவ்ஃபார்ம் ஃபைல் ஊதிப் பெருத்துவிடும், அதனால் அந்த எண்ணை பராமீட்டராக (வெளியிலிருந்து மாற்றக்கூடிய மதிப்பாக) வைத்து டெஸ்ட்பெஞ்சில் (சர்க்யூட்டைச் சோதிக்க எழுதும் தனி வெரிலாக் பகுதியில்) மட்டும் 5 என்று கொடுங்கள். ரீசெட்டும் இல்லை, தொடக்க மதிப்பும் இல்லை என்றால் கவுண்டர் வரி முழுக்கச் சிவப்பாக எக்ஸ்தான் (மதிப்பு தெரியவில்லை என்பதற்கான குறி) வரும், ஏனென்றால் எக்ஸோடு 1 கூட்டினாலும் எக்ஸ்தானே. பல சிப்களில் ஃபிளிப்ஃபிளாப் (ஒரு பிட்டை நினைவில் வைக்கும் உறுப்பு) 0-வில் தொடங்குவதால் போர்டில் இந்தக் குறை கண்ணிலேயே படாது.