டிஸ்க் சொன்ன எண்

பேக்கப்புக்கு வாங்கிய யூஎஸ்பி பெட்டியில் (உள்ளே டிஸ்க் இருக்கும் உறை) பார்ட்டிஷன் போடும்போது, அதாவது டிஸ்க்கைப் பகுதியாகப் பிரிக்கும்போது, எஃப்டிஸ்க் என்ற லினக்ஸ் கருவி பகுதி தொடங்கும் முதல் செக்டராக (டிஸ்க்கின் சிறு துண்டு) 65535 என்று காட்டியது. 2048 போடச் சொன்னேன்.

"சேர், டிஸ்க் சொல்றத நம்பாட்டி வேற எத நம்புற?" என்று கேட்டார் பயிற்சிக்கு வந்த தங்கச்சி.

"நம்பாதீங்க, பெட்டி பொய் சொல்லுது" என்றேன்.

அந்தப் பெட்டியைப் பொறுத்தவரை நான் சொன்னது சரி. ஒரு தடவையில் எவ்வளவு எழுதினால் தனக்கு வசதி என்பதை ஸ்கஸி என்ற டிஸ்க் கட்டளை முறை வழியாக டிஸ்க் சொல்லலாம். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் 0 போட வேண்டும். லினக்ஸ் அதை 2009இல் வந்த 2.6.31 பதிப்பிலிருந்து வெளியே காட்டுகிறது. எஃப்டிஸ்க் பார்ட்டிஷனின் தொடக்கத்தை அந்த எண்ணுக்கு ஏற்ப வைக்கிறது. இந்தப் பெட்டி சொன்னது 33553920 பைட். பெட்டி சொன்ன செக்டர் அளவான 512ஆல் வகுத்தால் 65535, அதாவது 16 பிட்டுக்குள் அடங்கும் மிகப் பெரிய எண். யாரும் அளந்து போட்ட எண் இல்லை அது. உள்ளே இருந்ததோ 4096 பைட் செக்டர் டிஸ்க். பெட்டி அதையும் மறைத்து 512 என்றது. அதனால் செக்டர் அளவின் மடங்கா என்று பார்க்கும் கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) சோதனையையும் அந்த எண் தாண்டிவிட்டது. 4096 என்பது எட்டு 512, ஆனால் 65535 எட்டால் வகுபடாது. அங்கே தொடங்கினால் 4 கேபி எழுதும் ஒவ்வொரு முறையும் இரண்டு செக்டரை வாசித்துத் திருத்தி எழுத வேண்டிவரும்.

அப்புறம் சேர்வரில், நான்கு டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்த ரெய்டு 5இல் எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பைப் போட்டபோது, டிஸ்க் சொன்ன எண்ணைக் கவனிக்காதே என்னும் நோஅலைன் தெரிவை அவர் கொடுத்திருந்தார். அங்கே காட்டிய 1572864 உண்மையான எண்: 512 கேபி துண்டு, மூன்று தரவு டிஸ்க் (நான்கில் ஒரு டிஸ்க் அளவு இடம் பிழை மீட்புக்குப் போகும்). ரெய்டை நடத்தும் லினக்ஸின் எம்டி டிரைவரே கணக்குப் போட்டுச் சொன்னது.

"நீங்கதானே சேர் நம்ப வேணாம் எண்டு சொன்ன."

நான் சொன்னது அந்தப் பெட்டியை மட்டும். ஆனால் இரண்டும் ஒரே கட்டளையில், ஒரே பெயரில்தான் வருகின்றன. யார் நிரப்பினார்கள் என்று அவர் எங்கே பார்ப்பார்? 4096ஆல் வகுத்துப் பாருங்கள் என்று சொல்லலாம். வகுபடுகிற பொய்யும் வரலாமே. அளந்து பாருங்கள் என்றால், ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அதற்கு நேரம் ஏது?

இப்போது எண்ணுக்குப் பக்கத்தில், அதைச் சொன்னது டிரைவரா பெட்டியா என்று எழுதச் சொல்கிறேன். பெட்டி என்றால் 2048தான், 1 எம்பி. உண்மை சொல்லும் பெட்டி ஒன்று வந்தாலும் அதையும் இப்படித்தான் தள்ளிவிடுவோம்.