அவரையின் மீது விழுந்த பழி

போன ஜனவரியில் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு என் வலது கால் பெருவிரல் என்னை எழுப்பியது. கோத்தகிரிக் குளிருக்கு இரண்டு கம்பளி போர்த்துகிறவன் நான். அன்று கம்பளியின் ஓரம் பட்டாலே உயிர் போனது. தேயிலை ஃபேக்டரிப் படியில் இடித்துக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

வீக்கம் வடிந்தபின் எடுத்த ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் 8.9. டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அது கரையாமல் மூட்டில் படிகமாகும், அந்த மூட்டு வலிதான் கவுட் என்றார் டாக்டர். சில்லிட்ட இடத்தில் இன்னும் எளிதாகப் படியுமாம். ஜனவரியிலும் பச்சைத் தண்ணீரில் கால் கழுவுகிற எனக்குக் கேட்கவா வேண்டும்!

வீட்டில் உடனே தடைச் சட்டம் வந்தது. அவரை போயிற்று, காளான் போயிற்று, பருப்பும் போயிற்று. அவரைக் குழம்பு இல்லாமல் மலையில் ஒரு மாதமா? அடுத்த முறை டாக்டரிடம் முறையிட்டேன். உடலில் யூரிக் அமிலமாக மாறுவது பியூரின்; ஆனால் காய்கறியிலும் பயறிலும் இருக்கும் பியூரின் கவுட் அபாயத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை என்று சிரித்தார். சனிக்கிழமைதோறும் நண்பர்களோடு ஈரல் வறுவலும் பீரும், ஞாயிறு நெத்திலிக் கருவாடு: உண்மையான குற்றவாளிகள் இவர்கள்தான். அவரை மாட்டிக்கொண்டபோது நான் வாயே திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆட்டின் ஈரலை விட்டால் மட்டும் போதவில்லை. ஃபேக்டரியில் தினமும் எட்டு கிளாஸ் தேநீர் குடிப்பேன், கிளாஸுக்கு இரண்டு கரண்டி சர்க்கரை. தேநீர்மேல் குற்றமில்லை. சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். அது என் கல்லீரலில் உடையும்போதே யூரிக் அமிலம் உண்டாகிறது. இப்போது சர்க்கரை போடுவதில்லை. மட்டமான தூள் எது என்று முதல் வாயிலேயே தெரிந்துவிடுகிறது.

குளிரில் தாகம் எடுக்காது, தண்ணீர் குறைந்தால் யூரிக் அமிலம் வெளியேறுவதும் குறையும். அதனால் சீரக வெந்நீர் ஃபிளாஸ்க் மேசையிலேயே இருக்கிறது.

செய்த மடத்தனம் ஒன்று உண்டு. எடை குறைக்கிறேன் என்று மூன்று நாள் வெறும் பழச்சாறு. நான்காம் நாள் விரல் மறுபடி வீங்கியது. பட்டினியில் கொழுப்பு உடைந்து உண்டாகும் கீட்டோன்கள் சிறுநீரகத்தில் யூரிக் அமிலத்தின் வழியை மறிக்கின்றனவாம். பிறகு மெதுவாக, எட்டு மாதத்தில் ஆறு கிலோ குறைத்தேன்.

இத்தனைக்கும் 8.9 வந்து நின்றது 7.8-இல். ஆறுக்குக் கீழே இறக்க டாக்டர் அல்லோப்யூரினால் எழுதிக்கொடுத்திருக்கிறார், விழுங்குகிறேன். தினம் ஒரு கசாயக் குறிப்பு அனுப்பிக்கொண்டிருந்த மைத்துனருக்கு இதில் வருத்தம். அவரை மட்டும் தட்டுக்குத் திரும்பிவிட்டது.